பனிக்குள் நின்ற யானை

கந்தோரக்காவின் படங்களில் இருந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பட்டமரக் கொப்பின் நுனியில் ஒரு நீர்க்காகம். தண்ணீருக்கு வெளியே ஓர் எருமையின் முதுகும் ஒரு காதும். உயர்ந்த புல்லுக்கு மேலே ஒரு மரைமானின் கழுத்து. நடந்துகொண்டிருக்கும்போதே யோசனை வந்து நின்றுவிட்ட ஒரு கொக்கு. இனி, இல்லாதவை: சூரியன், அக்கரை, காடு, மனிதர், இரண்டாவது உயிர். உள்ளங்கையளவு காகிதத்தில் ஏதோ ஒரு மூலையில் நகத்தளவு கறுப்பு இருக்கும். மிச்சம் முழுவதும் வெள்ளை.

“பாலுக்குள்ளை ஈ விழுந்து கிடக்கு” என்பார் குடியேற்றச் சங்கத் தலைவர், முத்திரை வாங்க வந்து நின்றபடி.

“ஈயைக் கண்டிட்டியள்தானே தலைவர், காணும்” என்பார் அக்கா.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அது தேவையில்லாத சொல் என்று அவரே வெட்டிவிடுவார். முல்லைத்தீவுப் பக்கத்தில், தண்ணீரூற்று என்ற ஊரைத் தாண்டி உள்ளே போனால், ஒரு பெரிய குளத்தின் கீழே, காடு வெட்டி வயலாக்கிய குடியேற்றத்திட்டம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள். அந்தத் திட்டத்தின் தபால் கந்தோர் அவருடைய பொறுப்பில் இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், கலியாணம் செய்யாதவர். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லாரும் கந்தோரக்கா என்றே சொன்னார்கள். முன்னறை கந்தோர், பின்னால் இரண்டு அறையும் ஒரு குசினியும். அந்த இரண்டு அறைகளில் ஒன்றில் நான் வாடகைக்கு இருந்தேன்.

நான் மலேரியாத் தடுப்பு நிலையத்தில் நுணுக்குக்காட்டி பார்க்கிறவள். பயிற்சி முடிந்து நேரே வந்திருந்தேன். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி எடுத்த இரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, கிருமி தேடுவது வேலை. எங்களுக்கு அடித்துச் சொல்லித் தந்த விதி ஒன்று உண்டு. கிருமி தென்படாவிட்டால் “இல்லை” என்று எழுதக்கூடாது. “காணப்படவில்லை” என்றே எழுதவேண்டும். வந்த புதிதில் இதை நான் சொன்னபோது அக்கா தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்கடை ஆக்களிலை ஆரோ ஒருத்தருக்கு மூளை இருந்திருக்கு” என்றார்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. தேவைக்கு மேல் எதையும் சேர்க்கமாட்டார். கறியில் மிளகாய் முதற்கொண்டு கதையில் சொல் வரைக்கும். தந்தி அனுப்ப வருகிறவர்கள்தான் இதை முதலில் அனுபவிப்பார்கள். ஒருநாள் ஒரு கமக்காரர் ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அன்புள்ள மச்சானுக்கு, பிள்ளையார் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம், உங்கள் சுகத்தையும் அறிய ஆவல் என்று தொடங்கி, வயலுக்குத் தண்ணீர் திறந்த கதை, மாடு கன்று போட்ட கதை எல்லாம் அதில் இருந்தது.

“மச்சான் வரவேணுமோ, வரக்கூடாதோ?” என்று அக்கா கேட்டார்.

“வரவேணும். நாத்து நட ஆள் காணாது.”

“அப்ப ‘நாற்றுநட வரவும்’ எண்டு போடுங்கோ.”

“சுகம் விசாரிக்காமல் எப்பிடி அக்கா? கோவிக்கப்போறார்.”

“சுகமில்லாட்டித்தான் தந்தியிலை சொல்லுறது. சுகத்துக்குத் தந்தி அடிச்சால், பிரிக்க முதலே உங்கடை மச்சான் மயங்கி விழுந்திடுவார்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் அந்த வாரமே வந்து நாற்று நட்டார்.

படம் பிடிப்பதும் இதே ஒழுங்குதான். அவரிடம் இருந்தது, குனிந்து மேலிருந்து பார்க்கிற பழைய பெட்டிக் கமரா. தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் வில்லை எதுவும் அதில் இல்லை. வெயில் நாளில் அதைத் தொடமாட்டார். மார்கழியும் தையும் அவருடைய காலம். மழை கொஞ்சம் ஓய்ந்து, குளம் நிறைந்து, விடியலில் தண்ணீருக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால், சேலையை முழங்காலளவுக்குச் செருகிக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்விடுவார். மற்ற மாதங்களில் வானம் மூடிய மப்பு நாள் வந்தால் மட்டும் போவார். பெரும்பாலும் ஒன்றும் பிடிக்காமல் திரும்பி வந்து, ஈரமான சேலைக் கரையோடு கந்தோரைத் திறப்பார்.

“வெயிலிலை என்ன பிழை அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வெயிலிலை எல்லாம் முன்னுக்கு வந்து நிக்கும் பிள்ளை, கலியாண வீட்டுப் படம் மாதிரி. பனியிலை ஒண்டுதான் வரும். அதுவும் விருப்பமெண்டால்தான்.”

தனியாக ஒரு பெண் விடியலில் கமராவோடு போனால் ஊர் சும்மா இருக்குமா? “ஆரோடை போறா?” என்று கிணற்றடியில் கேட்டுக்கொண்டார்கள். அது அக்காவின் காதுக்கும் வந்தது. மறுநாள் கிணற்றடியில் வாளியை இறக்கிக்கொண்டே, “எருமையோடை போறனான். வேணுமெண்டால் நீங்களும் வாங்கோ, குளக்கட்டிலை இடமிருக்கு” என்றார். பிறகு யாரும் கேட்கவில்லை.

பிலிம் கிடைப்பது அப்போது பெரும்பாடு. வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்திருந்த காலம். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவைக் கட்டோடு வருகிற முஸ்லிம் வியாபாரி ஒருவர், யாரையோ பிடித்து எங்கிருந்தோ சுருள் கொண்டுவந்து கொடுப்பார். அக்கா அவரை, அண்ணன் முறை சொல்லி, நானா என்பார்.

“தங்கச்சி, நான் அலைஞ்சு திரிஞ்சு கொண்டாந்த சுருள் இது. இதிலயாவது ஒரு மனுசரைப் புடிங்கோ. என்னையே புடிங்கோ.”

“மப்பு நாளிலை வாங்கோ நானா.”

அவர் மெய்யாகவே மப்பு நாள் பார்த்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியும் வைத்து வந்தார். அக்கா அவரைச் சைக்கிளோடு வயல்வரம்பில் தூரத்துக்கு அனுப்பி, இன்னும் போங்கோ, இன்னும் போங்கோ என்று கையசைத்து, புள்ளியானதும் பிடித்தார். படத்தைப் பார்த்த நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இது நான்தான் எண்டு என்ட பொஞ்சாதிக்கே தெரியாதே!”

“சைக்கிளைத் தெரியும்” என்றார் அக்கா.

நானா அந்தப் படத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு போகிற ஊரெல்லாம் காட்டினார். மனிதர் இல்லாதவை என்று மேலே எழுதினேனே, அந்த ஒரு படம் மட்டும் விலக்கு.

ஊருக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருந்தது. குளக்கட்டு முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம். காட்டுக்குள் போகிறவர்கள் எல்லாரும் பக்கத்துப் பற்றையில் ஒரு குழை முறித்து அந்த மரத்தடியில் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். போட்டால் யானை வழிவிடும். அக்கா குழை முறிப்பதில்லை. கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றைப் பொறுக்கி வைப்பார். யாரோ அதைக் கண்டு கேட்டபோது, “முறிச்சதோ விழுந்ததோ எண்டு பிள்ளையார் மரத்திலை ஏறிப் பாக்கிறேல்லை” என்றார். படம் பிடிக்கும்போதும் அப்படித்தான். முன்னால் ஒரு கொப்பு மறைத்தால் அதை விலக்கமாட்டார். தான் விலகிப் போவார், இல்லாவிட்டால் படமே எடுக்காமல் வருவார்.

ஒரு மார்கழி விடியலில் அவர் ஒரு யானையைப் படம் பிடித்தார்; அன்று நான் கூடப் போகவில்லை. தன்னுடைய அறையின் யன்னலைச் சாக்கால் மூடி, கழுவி, அச்செடுத்து, கந்தோர் யன்னல் கம்பியில் மற்றப் படங்களோடு கொளுவிவிட்டார். குளத்தின் அலைகரையில் யானை ஒன்று. முகம் பாதி இங்கே திரும்பி, உடம்பு பனிக்குள் கரைந்து போகிறது. தலையும் முன்காலும்தான் கறுப்பு. முன்காலின் கறுப்புக்கு மேல் ஒரு கொம்பு, கீறல்போல, வெளிறித் தெரிந்தது.

தலைவர் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “உது யானையோ? நான் எங்கடை வைக்கல் கும்பி எண்டெல்லோ நினைச்சன்.”

“வைக்கல் கும்பிக்குக் காது இருக்கோ?”

“உங்கடை படத்திலை எதுக்குத்தான் என்ன இருக்கு எண்டு ஆருக்குத் தெரியும் மிஸ்!”

எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, கதிர் முற்றி வருகிற வயலில் காவலிருந்த ஓர் இளங்குடும்பக்காரனை யானை அடித்துக் கொன்றது. விடியப்புறம் பரணிலிருந்து இறங்கிப் பந்தத்தோடு விரட்டப் போனவன். கூட இருந்த மச்சான் ஓடித் தப்பினான். அடித்தது ஒற்றைக்கொம்பன் என்று அவன் சொன்னான். பந்த வெளிச்சத்தில், ஓடுகிற ஓட்டத்தில் கண்டது. அவன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. அவன்தான் கந்தோருக்கும் வந்தான், யாழ்ப்பாணத்துக்குத் தந்தி கொடுக்க. எழுதக் கை வரவில்லை. சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். அவன் அழுதுகொண்டு நீட்டி நீட்டிச் சொன்னான். எங்கடை தங்கக்கட்டி போயிட்டுது, நான் விட்டிட்டு ஓடிவந்திட்டன், என்னை மன்னிக்கச் சொல்லுங்கோ என்றெல்லாம். அக்கா ஒரு சொல்லையும் வெட்டவில்லை. முழுவதையும், எங்கள் தந்திகளை ஏற்று அனுப்புகிற முல்லைத்தீவுக் கந்தோருக்குத் தொலைபேசியில் வாசித்தார். அவர் அப்படிச் செய்ததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

சங்கத்தார் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, ஓடினார்கள். யானையைச் சுட உத்தரவு வேண்டும். அங்கே சொன்ன பதில்: காட்டில் யானை பல, எந்த யானை என்று அடையாளம் காட்டினால்தான் உத்தரவு. திரும்பி வந்த தலைவருக்குக் கந்தோர் யன்னலில் தொங்கிய படம் கண்ணில் பட்டது.

“மிஸ், இந்தா இருக்கிறான்! ஒற்றைக்கொம்பன்! ஒரு கொம்புதானே கிடக்கு, பாருங்கோ! இதுக்குப் பின்னாலை ‘குளத்தடியில் நிற்கும் ஒற்றைக்கொம்பன்’ எண்டு எழுதி, உங்கடை கையெழுத்தையும் வைச்சுத் தாங்கோ. நீங்கள் அரசாங்க உத்தியோகம். மறுபேச்சுக் கதைக்க ஏலாது அவங்களாலை.”

அக்கா படத்தைக் கம்பியிலிருந்து கழற்றினார். “போன கிழமை இது வைக்கல் கும்பி எண்டனீங்கள்.”

“அது பகிடி. இது சாவு.”

“அதுதான் நானும் சொல்லுறன்.” அக்கா முத்திரைத் தாளின் வெள்ளை ஓரத்தை இரண்டு துண்டாகக் கிழித்தார். ஒன்றைக் கறுப்புத் தொலைபேசியின் மேல் வைத்தார். மற்றதை எச்சில் தொட்டு, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டினார். “வாசலிலை போய் நிண்டு பாருங்கோ. எத்தினை துண்டு தெரியுது?”

தலைவர் போய்ப் பார்த்தார். “ரெலிபோனிலை இருக்கிறது தெரியுது.”

“மற்றது?”

தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரில் தேடினார்.

“கறுப்புக் காலுக்கு முன்னாலை இருந்த கொம்பு தெரியுது. மற்றக் கொம்பு இருந்தால் அது பனிக்கு முன்னாலை நிக்கும். வெள்ளைக்குள்ளை வெள்ளை. இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது.”

“சரி, உங்கடை கண்ணாலை நேரை கண்டனீங்கள்தானே? ஒண்டோ ரெண்டோ?”

“குனிஞ்சு கமராவுக்குள்ளைதான் பாத்தனான். நிமிரேக்கை பனி மூடிப்போட்டுது. படம் கண்டதுக்கு மேலை நான் ஒண்டும் காணேல்லை.”

இதைத்தான் ஊருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அக்கா யானைக்காக வாதாடுகிறார் என்று நினைத்தார்கள். அது இரட்டைக்கொம்பன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. தனக்குத் தெரியாது என்று மட்டும்தான் சொன்னார். தெரியாது என்பதைப் பிடிவாதமாகச் சொல்கிற ஒருவரை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

சங்கத்தார் என்னிடம் வந்தார்கள். “பிள்ளை, உங்களிட்டை ஊசிமுனையை உலக்கையாக் காட்டுற மிசின் இருக்குதெல்லோ. அதிலை வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ.” நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து நெகட்டிவை எடுத்துக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

“கொண்டுபோய்ப் பாரும். என்ன கண்டீரோ, அதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லும்.”

நிலையத்து விறாந்தையில் ஊரின் பாதி ஆண்கள் நின்றார்கள். ஆகச் சிறிய உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: பனி கறுப்பு, யானை வெளிச்சம். காலின் மேல் கொம்பு ஒரு கருங்கோடாகத் தெளிவாக இருந்தது. மற்றப் பக்கம் முழுவதும் கறுப்பு மணிகள். வில்லையை மாற்றினேன், மணிகள் பெரிதாயின, வேறொன்றும் வரவில்லை. நான் நிமிர்ந்து, நிலையத்தில் எழுதுகிற அதே சொற்களில் சொன்னேன்: “ஒரு கொம்பு காணப்பட்டது. மற்றது காணப்படவில்லை.”

“பாத்தியளே! இல்லை எண்டு பிள்ளையே சொல்லிப்போட்டுது!”

“இல்லை எண்டு நான் சொல்லேல்லை.”

“பின்னை இருக்கோ?”

“இருக்கு எண்டும் சொல்லேல்லை.”

“அந்த வீட்டுச் சோத்திலை ஏதோ கலந்திருக்கு” என்றார் பின்னால் நின்ற ஒருவர். எனக்குக் கோபம் வரவில்லை. கருவியைத் துடைத்து மூடினேன்.

செத்தவனின் மனைவி ஒரு மத்தியானம் வந்தாள். என்னைவிட இளையவள். கந்தோரில் அப்போது வேறு யாருமில்லை; நான் உள்ளறை வாசலில் நின்றேன்.

“அக்கா, உங்களுக்கு அது படம். எனக்கு என்ரை மனிசன்.”

“ஓம்.”

“ஒரு கையெழுத்துத்தானே.”

“அதுதான் அடிச்சது எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி.”

“தெரியாட்டி என்ன? யானைதானே! ஏதோ ஒரு யானை சாகட்டும்!”

அக்கா லாச்சியிலிருந்து படத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தைத் திருப்பி, பேனையைக் கையில் எடுத்தார். “‘ஒரு யானை’ எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன். இப்பவே தாறன். அதுக்கு மேலை ஒரு சொல்லும் எழுதமாட்டன்.”

அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “அது எனக்கென்னத்துக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்று சோறு போட்டுவைத்தார், சாப்பிடவில்லை.

பின்னேரம் நான் கேட்டேன். யாராவது கேட்கத்தானே வேண்டும். “அக்கா, ஒருவேளை அதுதான் எண்டால்?”

“அப்ப இன்னொரு ஆள் சாகும்.” அவர் குரல் உயரவில்லை. “அது எனக்கு விளங்கேல்லை எண்டு நினைக்கிறீரோ? ஒவ்வொரு நாளும் விடியக் கதவு தட்டுப்படுகுதோ எண்டு கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறன். ஆனா அதுக்காக, நான் காணாத கொம்பை முறிக்கமாட்டன்.”

ஊர் தன் கணக்கை வேறுவிதமாகப் போட்டது. குழை முறிக்காமல் காட்டுக்குப் போகிறவள், பிள்ளையாருக்கு விழுந்த சருகைப் போட்டவள், அதனால்தான் யானை ஊருக்குள் இறங்கியது என்று கதை கட்டினார்கள். கிணற்றடியில் அவர் வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பால் கொண்டுவருகிறவர் வரவில்லை. அக்கா தேநீரில் பாலை விட்டுவிட்டார். வழக்கம்போலப் பனி விழுந்த நாட்களில் கட்டுக்குப் போனார். பாலை மரத்தடியில் நான்குபேர் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து, விழுந்த இலை ஒன்றைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார். நான் அன்று கூடப் போயிருந்தேன். நானும் ஒன்று பொறுக்கினேன்.

நானா மட்டும் வழக்கம்போல வந்தார். “தங்கச்சி, ஊர் முழுக்க ஒங்களைத்தான் திட்டுது. ஒரு சுருள் கொண்டாந்தனான், வேணுமா, வேணாமா?” அக்கா சுருளை வாங்கி முகர்ந்து பார்த்தார். புதுச்சுருள் மணம் அவருக்குப் பிடிக்கும்.

அந்தப் போகத்தில் உத்தரவு வரவில்லை. கச்சேரியிலிருந்து யானைவெடியும் வெடிபோட ஆளும் அனுப்பினார்கள். அறுவடை முடிந்தது. யானைகள் குளம் வற்றும் காலத்து வழக்கப்படி மறுகாட்டுக்குப் போய்விட்டன. நான் இருந்தவரைக்கும் வேறு யாரும் சாகவில்லை. “தப்பிட்டுது அக்கா” என்று ஒருநாள் சொன்னேன். “சந்தோசப்படாதையும். கொண்டது அதுவோ இல்லையோ எண்டு இப்பவும் எங்களுக்குத் தெரியாது” என்றார். அது எந்த யானை என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை. இந்த இடத்தில் வாசிக்கிறவருக்கு ஒரு குறை இருக்கும். எனக்கும் இருக்கிறது. அதை நிரப்பப்போவதில்லை.

அக்காவுக்கு இடமாற்றம் வந்தது. புளியங்குளப் பக்கம். அந்தக் கடிதத்தையும் மற்றக் கடிதங்களோடு அவரே முத்திரை குத்திப் பிரித்து எடுத்தார். வாசித்துவிட்டு என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: “அங்கை பனி விழுமோ?” பஸ்ஸில் ஏறும்போது அவரிடம் இருந்தவை ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், மடியில் கமரா. வழியனுப்ப வந்தவர்கள் நானும் நானாவும். யானைப் படம் கந்தோர் யன்னல் கம்பியிலேயே தொங்கியது. புதிதாக வந்தவரும் அதைக் கழற்றவில்லை. லாச்சிக்குள் இருந்தது எப்படித் திரும்பக் கம்பிக்கு வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இடமாற்றத்துக்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு சந்தை நாள். கந்தோர் நிறைய ஆட்கள். தலைவரும் சங்கத்தாரும் வந்தார்கள். தலைவர் ஒரு தாளை நீட்டினார். “தந்தி. உங்கடை மேலிடத்துக்கு.”

அக்கா வாசித்தார். அவருடைய முகத்தில் மாற்றமில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி திரும்ப வாசித்தார்: “‘எமது தபாலதிபர் யானைப் படத்தை ஒளித்து வைத்துக்கொண்டு கொலை யானைக்குத் துணை போகிறார். உடன் இடமாற்றவும்.’ இதுதானே?”

“இதுதான்.” தலைவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. காட்டோரத்து மண்வீட்டில் அவருக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் கெட்டவரில்லை; நித்திரையில்லாதவர்.

அக்கா பேனையை எடுத்தார். “‘எமது’ வேண்டாம். வேறை ஆற்றை தபாலதிபரைப் பற்றி நீங்கள் எழுதப்போறியள்?” வெட்டினார். “‘ஒளித்து வைத்துக்கொண்டு’ பிழை. நான் ஒளிக்கேல்லை. ‘யானைப் படத்தில் கையெழுத்திட மறுக்கிறார்’ எண்டு போடுங்கோ. சொல்லுக்கணக்கு மாறாது, உண்மையாயும் இருக்கும்.”

வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“‘கொலை யானைக்குத் துணை போகிறார்’, இதை விடவோ, வெட்டவோ?”

“விடும்!”

“விடுறன். அது உங்கடை தந்தி.”

தொலைபேசியின் கைபிடியைச் சுற்றினார். முல்லைத்தீவு கிடைத்தது. அந்தக் கம்பியில் எப்போதும் இரைச்சல், கத்தித்தான் வாசிக்கவேண்டும். அக்கா கத்தினார். கந்தோருக்கு வெளியே சைக்கிளோடு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “தபாலதிபர்... ஓம், தபாலதிபர்... யானைப் படத்தில்... யானை! ஆனை, ஆனை!... கையெழுத்திட மறுக்கிறார்... மறுக்கிறார். ‘ம’ வுக்கு மரை, ‘று’...” அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு எழுத்து விளங்கிவிட்டது, விசயம் விளங்கவில்லை. அவர் ஏதோ கேட்டார்.

“ஆர் மறுக்கிறதோ? நான்தான்.” இன்னும் உரக்கச் சொன்னார். “நான்தான் மறுக்கிறன்! அடுத்த சொல்லை எழுதும்: கொலை யானைக்கு...”

முடிந்ததும் தலைவருக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். அக்கா லாச்சியைத் திறந்து படத்தை எடுத்தார். யன்னலடிக்குப் போய், எல்லாரும் பார்க்க, மரைக்கும் கொக்குக்கும் நடுவில் அதைக் கம்பியில் கொளுவினார். நேராக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

“அடுத்த ஆள் வாங்கோ” என்றார்.